பேக்ரவுண்ட் ப்ளர்: ஃபோட்டோஷாப், லைட்ரூம், ஜிம்ப் மூன்றையும் உரசிப் பார்த்ததில்

அவசரக்காரர்கள் இந்த ஒரு பத்தியோடு போய்விடலாம். முன்னும் பின்னும் எல்லாமே கூர்மையாக விழுந்துவிட்ட ஒரு படத்தில், பெரிய அப்பர்ச்சர் (ஒளி நுழையும் திறப்பு) உள்ள லென்ஸில் எடுத்த மாதிரி பின்னணியை மட்டும் கரைத்துக் காட்ட வேண்டுமா? வேகமாக முடிய வேண்டுமென்றால் லைட்ரூமின் லென்ஸ் ப்ளர். ஒவ்வொரு மூலையும் என் கைக்குள் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு ஃபோட்டோஷாப்பின் பழைய லென்ஸ் ப்ளர் ஃபில்டர். காசு செலவழிக்க மனமில்லையா, ஜிம்ப். மூன்றிலும் வேலை நடக்கும். ஆனால் எதை எடுத்தாலும், ப்ளர் எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது என்று பார்த்து மார்க் போடாதீர்கள், இன்றைக்கு எந்த மென்பொருளும் வழவழவென்று மங்கவைத்துவிடும். எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அது போட்டு வைத்திருக்கிற கணக்கை நம்மால் பார்க்க முடிகிறதா, தப்பென்றால் கையால் திருத்த முடிகிறதா, அப்புறம் படத்தில் இருக்கும் விளக்குகளை அது என்ன செய்கிறது, இதையெல்லாம் வைத்துத்தான் நான் மார்க் போட்டேன்.

உரசிப் பார்க்க எடுத்துக்கொண்ட படம் வேண்டுமென்றே வம்பானது. அந்தி வெளிச்சம். பால்கனியில் நிற்கும் ஒரு பெண், இடுப்பில் ஒரு கை, மூக்குக்கண்ணாடி, காற்றில் பறக்கும் சுருட்டை முடி. அவர் சாய்ந்திருக்கும் கம்பித் தடுப்பு கேமராவுக்குப் பக்கத்தில் தொடங்கிப் பின்னால் வெகுதூரம் ஓடுகிறது. அதற்கப்பால் மரங்கள், மரங்களுக்குப் பின்னால் சின்னச் சின்ன விளக்குகள். கைப்பேசியில் எடுத்தது, அத்தனையும் பளிச். வெற்றுச் சுவருக்கு முன்னால் முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஒருவர் நிற்கிற படத்தை வைத்துச் சோதித்தால் எந்த மென்பொருளும் ஜெயித்துவிடும். கம்பித் தடுப்பு மாதிரி முன்னிருந்து பின்னுக்கு ஓடுகிற ஒரு சமாசாரம் படத்தில் இருந்தால்தான் சாயம் வெளுக்கும்.

மென்பொருளுக்குள் போவதற்கு முன் லென்ஸைப் பற்றி இரண்டு கணக்கு சொல்லியாக வேண்டும், இது தெரியாமல் ஸ்லைடரை இழுப்பது வீண். பின்னணி எவ்வளவு மங்கும் என்பது எஃப் எண்ணை (குவியத் தூரத்தைத் திறப்பின் அகலத்தால் வகுத்தால் வருவது) மட்டும் பொறுத்ததில்லை. லென்ஸின் திறப்பு நிஜத்தில் எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்று பாருங்கள். 85 மி.மீ. லென்ஸை எஃப்/1.8-ல் வைத்தால் திறப்பு 47 மி.மீ. கைப்பேசியின் பிரதான கேமராவும் எஃப்/1.8 என்று மார்தட்டும்தான், ஆனால் அதன் நிஜக் குவியத் தூரம் சுமார் 6 மி.மீ., திறப்பு 3 மி.மீ. சொச்சம்தான் தேறும். கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும் ஒரு விளக்குப் புள்ளி, ஃபோகஸில் இருக்கும் முகத்தின் அளவில் வைத்துப் பார்த்தால், அந்தத் திறப்பு எத்தனை அகலமோ அத்தனை அகல வட்டமாக விரியும். முகத்தின் அகலம் 15 செ.மீ. என்று வையுங்கள். 85 மி.மீ. லென்ஸில் விளக்கு வட்டம் 4.7 செ.மீ., முகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸில் 2.8 செ.மீ., முகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கம்மி.

ஸ்லைடரை எங்கே நிறுத்துவது என்று எல்லோரும் கேட்கிறார்களே, அதற்கு இதுதான் பதில். படத்தில் முகம் 600 பிக்சல் அகலம் இருந்தால் ஒரு செ.மீ.க்கு 40 பிக்சல். தூரத்து விளக்கு வட்டம் 190 பிக்சல் அளவில் வந்தால் அது 85 மி.மீ. லென்ஸின் மங்கல், 110 பிக்சல் வந்தால் 50 மி.மீ. லென்ஸின் மங்கல். வட்டம் முகத்தின் அளவுக்கே வந்துவிட்டதா, அப்படியானால் விளையாட்டு மைதான ஓரத்தில் கம்பு ஊன்றி வைத்து எடுக்கிற 400 மி.மீ. எஃப்/2.8 லென்ஸைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஸ்லைடரில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல், முன்னோட்டத்தில் தெரியும் வட்டத்தை முகத்தோடு ஒப்பிட்டு நிறுத்துங்கள். மென்பொருளுக்கு மென்பொருள் அந்த எண்ணின் அர்த்தம் மாறும், முகம் மாறாது.

அடுத்தது தூரக் கணக்கு. மங்கல் சீராக ஏறாது. ஃபோகஸ் 1.5 மீட்டரில் இருந்தால், 3 மீட்டரிலேயே உச்ச மங்கலில் பாதி வந்துவிடும், 6 மீட்டரில் முக்கால், 15 மீட்டரில் 90 சதவீதம். அதாவது ஆளுக்குப் பின்னால் விறுவிறுவென்று ஏறி, அப்புறம் படுத்துவிடும். தரையிலோ கம்பித் தடுப்பிலோ கருப்பிலிருந்து வெள்ளைக்கு ஒரு நேர்கோட்டு கிரேடியன்ட்டை இழுத்துவிட்டு "என்னவோ செயற்கையாக இருக்கிறதே" என்று முழிப்பவர்கள் முழிப்பது இதனால்தான்.

சரி, ஃபோட்டோஷாப். முதலில் காஸியன் ப்ளரை ஓரம் கட்டுங்கள். காஸியன் ஒரு புள்ளியை நடுவில் அடர்த்தியாகவும் ஓரத்தில் தேய்ந்தும் போகிற பஞ்சாகப் பரப்பும். லென்ஸோ அதே புள்ளியை ஓரம் தெரிகிற தட்டையான வட்டமாகப் பரப்பும். விளக்கு இல்லாத பின்னணியில், சாதாரணப் புல்லிலும் சுவரிலும், இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. விளக்கு வந்துவிட்டால் உடனே தெரிந்துவிடும். யூடியூபில் இன்னமும் "ஆளை வெட்டி எடு, பின்னால் காஸியன் போடு, முடிந்தது" என்று ஓடிக்கொண்டிருக்கும் பாடங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும், லென்ஸ் ப்ளர் ஃபில்டர் 2003-ல் வந்த ஃபோட்டோஷாப் சிஎஸ்-லேயே இருக்கிறது.

அந்த லென்ஸ் ப்ளர் சாளரம் பார்ப்பதற்குப் பழங்காலத்துச் சரக்கு மாதிரிதான் இருக்கும். ஆனால் கேட்கிற கேள்விகள் எல்லாம் சரியான கேள்விகள். டெப்த் மேப், அதாவது எது எவ்வளவு தூரம் என்பதைக் கருப்பு வெள்ளையில் காட்டும் வரைபடம், எங்கிருந்து எடுக்கட்டும் என்று கேட்கும், லேயர் மாஸ்க்கையோ ஆல்ஃபா சேனலையோ (இரண்டுமே படத்தோடு சேர்த்து வைக்கும் கருப்பு வெள்ளைப் பிரதிகள்தான்) காட்டலாம். அப்பர்ச்சர் இதழ்கள் எத்தனை, முக்கோணத்திலிருந்து எண்கோணம் வரை. இதழின் வளைவு எவ்வளவு, எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறது. எந்த வெளிச்சத்துக்கு மேலே இருப்பதை விளக்காகக் கருத வேண்டும், அதை எவ்வளவு தூக்கிக் காட்ட வேண்டும். கடைசியாக எவ்வளவு நாய்ஸ் (மணல் தூவிய மாதிரித் தெரியும் புள்ளிகள்). லென்ஸைப் பற்றித் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து வடிவமைத்த சாளரம் என்று பார்த்தவுடன் புரியும்.

இதன் உயிர் டெப்த் மேப்பில் இருக்கிறது. ஆல்ஃபா சேனலில் கருப்பு (0) என்றால் அருகே, வெள்ளை (255) என்றால் தூரம். பால்கனிப் படத்துக்கு நான் போட்ட மேப் இப்படி. முகமும் உடம்பும், அவர் கை வைத்திருக்கும் இடத்துக் கம்பியும் 0. கம்பித் தடுப்பு 3 மீட்டர் தூரத்தைத் தொடும் இடத்தில் 128, கிட்டத்து மரம் 190, அதற்குப் பின்னால் உள்ள மரங்கள் 230, விளக்குகள் 255. நேர்கோடாக இழுக்காமல், வெளிச்ச அளவை வளைகோட்டால் மாற்றும் கர்வ்ஸில் கொஞ்சம் வளைத்து, ஆளுக்குப் பின்னால் சட்டென்று ஏறும்படி. இதை அதே சாளரத்தில் கொடுத்து, ஃபோகஸ் தூரத்தை 0-வில் வைத்தவுடன் அந்தக் கம்பித் தடுப்பு ஆளைத் தாண்டி மெல்லக் கரைந்து போனது பாருங்கள், அதற்காகவே இந்த ஃபில்டருக்கு என் ஓட்டு. ஆள் நிற்கும் இடத்துத் தரையும் அவர் காலும் ஒரே கூர்மையில் இருக்க வேண்டும், அங்கிருந்துதான் மங்கல் தொடங்க வேண்டும். ஆளை மட்டும் வெட்டி எடுத்து மீதி அத்தனைக்கும் ஒரே அளவு ப்ளர் போட்டால், காலுக்கடியில் தரையே இல்லாமல் அந்தரத்தில் நிற்பார். போலி ப்ளரைக் கண்டுபிடிக்க நான் முதலில் பார்ப்பதே கால்களைத்தான். முகத்தை யாரும் தப்பாகச் செய்வதில்லை.

இன்னொரு தொல்லை ஒளிவட்டம். பின்னணி லேயரில் ஆளும் இருக்கும்போதே ப்ளர் போட்டால், அவருடைய சிவப்புச் சட்டை சுற்றிலும் கசிந்து, மேலே வைத்த கூர்மையான ஆளைச் சுற்றி ஒரு சிவப்புப் புகை நிற்கும். டெப்த் மேப் கொடுத்தால் இது குறையும், முழுக்கப் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். சுத்தமான வழி நீளமானது. ஆளைத் தனி லேயரில் எடுத்து வைத்து, கீழ் லேயரில் அவர் இருந்த இடத்தை, சுற்றியிருப்பதைப் பார்த்துத் தானே நிரப்பும் கன்டென்ட் அவேர் ஃபில் போட்டு அடைத்துவிட்டு, அப்புறம் அந்தக் கீழ் லேயருக்கு ப்ளர் போட்டு, மேலே ஆளை வைப்பது. அடைத்த இடம் அசிங்கமாக இருந்தாலும் கவலை வேண்டாம், மங்கப் போகிற இடம்தானே. விளிம்பு ஓரம் இருபது முப்பது பிக்சல் மட்டும் நிறம் ஒத்துப்போனால் போதும்.

இப்போது விளக்குகள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மென்பொருள் ப்ளர் பல்லிளிப்பது பெரும்பாலும் இங்கேதான். நிஜத்தில் ஒரு விளக்கு பக்கத்திலிருக்கும் வெள்ளைச் சுவரைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பிரகாசம். ஜேபெக் கோப்பில் இரண்டும் 255, அதற்கு மேலே எழுத இடமில்லை. படத்தில் விளக்கு 10 பிக்சல் அகலம் இருக்கிறது, அதை 100 பிக்சல் வட்டமாக விரிக்கிறீர்கள் என்றால், பரப்பு நூறு மடங்கு ஆகிறது, வெளிச்சம் நூறில் ஒரு பங்காகிறது. லென்ஸில் இது நடக்கும்போது நிஜ விளக்கின் வெளிச்சம் நூறாகப் பிரிந்தும் வட்டம் பளிச்சென்று நிற்கும். மென்பொருளில் 255 என்ற பொய்க் கணக்கு நூறாகப் பிரிந்தால் என்ன மிஞ்சும்? ஒன்றும் மிஞ்சாது, விளக்கே காணாமல் போய் ஒரு சாம்பல் கறை நிற்கும். ஃபோட்டோஷாப்பில் ஸ்பெக்யூலர் ஹைலைட்ஸ் என்று ஒரு பகுதி இருப்பது இதற்குத்தான். த்ரெஷோல்டைக் கிட்டத்தட்ட உச்சத்தில் வைத்து, பிரைட்னஸைத் துளித்துளியாக ஏற்றுங்கள். அதிகம் ஏற்றினால் விளக்கு மட்டும் வட்டமாகாது, இலை இடுக்கில் தெரியும் வானம், பின்னால் போகிறவரின் வெள்ளைச் சட்டை, எல்லாம் சேர்ந்து வட்டம் வட்டமாகக் கொதிக்கும். பால்கனிப் படத்தில் மரங்களுக்கு நடுவே அதுதான் ஆரம்பித்தது. விளக்குகளை மட்டும் கருப்புப் பின்னணியில் தனி லேயராக எடுத்து, அதற்குத் தனியாக லென்ஸ் ப்ளர் போட்டு, ஸ்கிரீன் மோடில் (கருப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் கூடும்) மேலே வைத்ததும் சரியாகிவிட்டது. ரா கோப்பு (கேமரா பதிந்த தகவலை அப்படியே வைத்திருப்பது) கையில் இருந்தால் இன்னும் நல்லது, வெளிச்சம் மிகுந்த பகுதிகளைக் கொஞ்சம் மீட்டு எடுத்து, விளக்குகளில் மஞ்சளோ ஆரஞ்சோ நிறம் தேறும்படி செய்துகொண்டு ப்ளருக்குப் போகலாம். வெள்ளையாக வெந்துபோன விளக்கு வெள்ளை வட்டமாகத்தான் விரியும், ரசம் இருக்காது.

கூடவே காமா என்று ஒரு சங்கதி. கோப்பில் இருக்கும் எண்கள் வெளிச்சத்தின் நேரடி அளவில்லை. 128 என்பது பாதி வெளிச்சமில்லை, 22 சதவீதம்தான். முழு வெள்ளையும் முழுக் கருப்பும் பாதிக்குப் பாதி கலந்தால் லென்ஸில் வருவது 188, எண்களை அப்படியே சராசரி எடுக்கும் ப்ளரில் வருவது 128. அதனால்தான் பல மென்பொருள் ப்ளர்களில் இரவுப் படம் அழுக்கு பிடித்த மாதிரி மந்தமாகிறது. இங்கே ஜிம்ப் பாராட்டுக்குரியது. 2018-ல் வந்த 2.10 பதிப்பிலிருந்தே ப்ளர்களை நேரியல் வெளிச்சத்தில், அதாவது நிஜ வெளிச்சத்தின் அளவிலேயே கணக்கிடுகிறது, அதே படத்தில் அதே அளவு மங்கல் போட்டாலும் விளக்கோரங்கள் உயிரோடு இருக்கும்.

ஜிம்ப்பைப் பற்றியே பேசிவிடலாம். 2020-ல் வந்த 2.10.20 பதிப்பில் லென்ஸ் ப்ளர், ஃபோகஸ் ப்ளர், வேரியபிள் ப்ளர் என்று மூன்றைச் சேர்த்தார்கள். லென்ஸ் ப்ளருக்கு மாஸ்க் கொடுக்கலாம், ஹைலைட்டை எவ்வளவு தூக்குவது என்பதும் இருக்கிறது. 2025-ல் வந்த 3.0-ல் பல ஃபில்டர்களைப் போட்ட பிறகும் திறந்து திருத்திக்கொள்ளலாம், மாஸ்க் கொடுக்கும் லென்ஸ் ப்ளருக்கும் அது கிடைக்கிறதா என்று உங்கள் பதிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ப்ளர் அளவை ராத்திரி ஒன்று, காலையில் ஒன்று என்று மாற்றாதவர் யாருமில்லை. குறை என்னவென்றால், டெப்த் மேப்பைத் தானாகப் போட்டுத் தரும் வசதி கூடவே வருவதில்லை, முழுக்கக் கையால்தான் வரைய வேண்டும். எனக்கு அது குறையாகப் படவில்லை, வரைந்து பழகினால் ஒரு படத்தில் எது முன்னால் எது பின்னால் என்று கண்ணே கணக்குப் போட ஆரம்பித்துவிடும். ஆனால் ஒரே நாளில் நாற்பது படம் கொடுக்க வேண்டியவருக்கு ஜிம்ப்பைப் பரிந்துரைக்க மாட்டேன், திட்டுவார்.

அவருக்கு லைட்ரூம். அதன் லென்ஸ் ப்ளரை 2023 அக்டோபரில் சோதனை வசதியாக விட்டு, 2024-ல் முழுமையாக்கினார்கள். படத்தைப் பார்த்துத் தானே ஆழத்தை ஊகித்து ஒரு டெப்த் மேப் போட்டுக்கொள்கிறது. எந்தத் தூரத்திலிருந்து எந்தத் தூரம் வரை கூர்மை என்று ஒரு பட்டையை நகர்த்தி வைக்கலாம். பொக்கே (மங்கிய விளக்குகள் தெரியும் விதம்) வடிவத்தில் வட்டம், குமிழி, ஐந்து இதழ், வளையம், பூனைக்கண் என்று வகைகள் உண்டு. இதில் பூனைக்கண்ணைத் தவறாமல் முயன்று பாருங்கள். நிஜ லென்ஸில் படத்தின் நடுவில் வட்டமாக இருக்கும் விளக்கு மூலைக்குப் போகப் போக எலுமிச்சம்பழம் போல ஒடுங்கும், லென்ஸ் குழாயின் விளிம்பு மறைப்பதால் வருவது. எல்லா மூலையிலும் காம்பஸ் வைத்து வரைந்த வட்டமாக இருந்தால் அனுபவப்பட்ட கண்ணுக்கு உறுத்தும். வளையம் என்பது உள்ளே ஆடி பொருத்திய மிரர் லென்ஸ்களில் வருகிற வடிவம், ஒருவரின் படத்துக்கு அது வேண்டாம், பின்னணி குழம்பிப் போகும்.

ஆனால் லைட்ரூமில் எனக்கு உண்மையிலேயே பிடித்தது, போட்ட டெப்த் மேப்பை நிறம் பூசிக் காட்டச் சொல்ல முடிகிறது என்பதுதான். ப்ளர் போட்டவுடன் முதல் வேலையாக அதை ஆன் செய்து பாருங்கள். கம்பிகளுக்கு இடையிலான இடைவெளி கம்பியின் நிறத்திலேயே இருக்கிறதா, இடுப்பில் வைத்த கைக்கும் உடம்புக்கும் நடுவில் தெரியும் பின்னணி உடம்போடு சேர்ந்துவிட்டதா, பறக்கும் முடி வானத்தோடு போய்விட்டதா, எல்லாம் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். தப்பான இடத்தில் ஃபோகஸ் பிரஷ்ஷாலோ ப்ளர் பிரஷ்ஷாலோ தடவிச் சரி செய்யலாம். ஒற்றைப் படத்திலிருந்து ஆழத்தை ஊகிக்கிற எந்த முறைக்கும் மெல்லிய கம்பி, கண்ணாடி, தண்ணீர், சிறு இடைவெளி, முடி இவையெல்லாம் தகராறுதான், அதில் ஆச்சரியமில்லை. திருத்த வழி கொடுத்திருக்கிறார்களா இல்லையா என்பதே என் கேள்வி, கொடுத்திருக்கிறார்கள். கைக்கு நடுவிலுள்ள அந்த முக்கோண இடைவெளியை மட்டும் மறந்துவிடாதீர்கள். திருமண ஆல்பம் முதல் கம்பெனி இணையதளம் வரை, அந்த முக்கோணத்துக்குள் மட்டும் இலைகள் பளிச்சென்று தெரிய மீதிப் பின்னணி கரைந்து நிற்கும் படங்கள் கொள்ளை கொள்ளையாக இருக்கின்றன.

ஃபோட்டோஷாப்பில் இன்னும் இரண்டு வழி உண்டு. 2012-ல் சிஎஸ்6-ல் வந்த ஃபீல்ட் ப்ளர், ஐரிஸ் ப்ளர், டில்ட்-ஷிஃப்ட் மூன்றும் படத்தின் மேல் ஆணி அடித்து, இங்கே இவ்வளவு, அங்கே இவ்வளவு என்று சொல்கிற முறை. எழுந்து நிற்கிற ஆள் இருக்கும் படத்துக்கு இது ஆகாது, அவர் தலையும் தலைக்குப் பின்னால் இருக்கும் மரமும் படத்தில் ஒரே உயரத்தில் இருப்பதால் இரண்டுக்கும் ஒரே மங்கல் விழும். மேசைமேல் பரப்பிய பொருள்கள், மேலிருந்து எடுத்த தெரு, இப்படித் தட்டையாகப் பின்னோக்கிப் போகும் காட்சிக்கு டில்ட்-ஷிஃப்ட் பிரமாதம், ஒரு நிமிட வேலை. நியூரல் ஃபில்டர்ஸில் டெப்த் ப்ளர் என்று ஒன்றும் இருக்கிறது. அதன் ப்ளரை நான் எடுப்பதில்லை, டெப்த் மேப்பை மட்டும் தனி லேயராக வெளியே எடுத்துத் தரச் சொல்லி, அதைக் கையால் திருத்தி, பழைய லென்ஸ் ப்ளருக்கு ஊட்டுகிறேன். இப்படித் தானாகப் போடப்படும் மேப்களில் சிலவற்றில் அருகே வெள்ளை, தூரம் கருப்பு என்று தலைகீழாக இருக்கும். லென்ஸ் ப்ளர் சாளரத்தில் இன்வெர்ட் என்று ஒரு பெட்டி இருப்பது சும்மா இல்லை.

முடியைப் பற்றிக் கேட்பீர்கள். முடியை ஒவ்வொரு இழையாக வெட்டி எடுக்க முயல்வதுதான் தப்பு. செலக்ட் அண்ட் மாஸ்க்கில் ரிஃபைன் எட்ஜ் பிரஷ்ஷால் ஒரு சுற்று தடவி, வெளியே துருத்தும் ஒற்றை இழைகளைத் தாராளமாக மங்கலுக்கு விட்டுக்கொடுங்கள். எஃப்/1.8-ல் எடுத்த நிஜப் படத்திலும் காதுக்குப் பின்னால் பறக்கும் முடி கூர்மையாகவா இருக்கிறது? தலைமுடியின் பின்பகுதிக்கு மேப்பில் 0 கொடுக்காமல் 15, 20 என்று ஒரு துளி சாம்பல் கொடுத்தால் விளிம்புப் பிரச்சினை பாதி தானாகவே மறைந்துவிடும். மூக்குக்கண்ணாடிக்கு நேர் எதிர் கவனம் வேண்டும். ஃப்ரேம் கூர்மை, கண்ணும் கூர்மை, ஆனால் ஒருபக்கம் திரும்பிய முகத்தில் கண்ணாடி கன்னத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தச் சின்னத் துண்டு வழியாகத் தெரியும் பின்னணி மங்க வேண்டும். நகத்தளவு இடம்தான், விட்டால் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆளுக்கு முன்னால் இருப்பதை மங்கவைப்பதில் இவை மூன்றுமே எனக்குத் திருப்தி தரவில்லை. நிஜ லென்ஸில் முன்னால் இருக்கும் இலையோ கம்பியோ மங்கினால் அதன் விளிம்பு கரைந்து ஆளின் மேல் ஒளி ஊடுருவும்படி படரும், இலைக்குப் பின்னால் இருப்பதும் கொஞ்சம் தெரியும். ஒற்றைப் படத்தில் இலைக்குப் பின்னால் என்ன இருந்தது என்ற தகவலே கிடையாது, மென்பொருள் எதைக் காட்டும்? விளைவாக, உள்ளே மங்கலும் ஓரத்தில் கத்தி வெட்டிய கோடுமாக ஒரு விசித்திரம் கிடைக்கும். பால்கனிப் படத்தில் கேமராவுக்குப் பக்கத்துக் கம்பியைத் தனி லேயராக எடுத்து, மாஸ்க்கோடு சேர்த்தே ப்ளர் போட்டு, கீழே அடைப்பு வேலை செய்து ஒருவழியாக ஒப்பேற்றினேன். அதைவிட, படத்தை வெட்டி அந்தக் கம்பியை வெளியே தள்ளிவிடுவது புத்திசாலித்தனம்.

வெட்டுவதைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. கைப்பேசியின் அகலக் கோண லென்ஸ் பின்னணியில் ஏகப்பட்டதைப் படத்துக்குள் கொண்டுவந்துவிடும், அதற்கு மேல் 85 மி.மீ. லென்ஸின் மங்கலைப் போட்டால் பார்வைக் கோணம் ஒன்று சொல்லும், மங்கல் வேறொன்று சொல்லும். பெரிய கேமராவில் கைப்பேசியின் அதே அகலக் கோணத்தைத் தரும் 26 மி.மீ. லென்ஸில் 47 மி.மீ. திறப்பு வேண்டுமென்றால் எஃப்/0.55, கேமராக் கடையில் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். பார்க்கிறவருக்கு இந்தக் கணக்கு தெரியாது, ஆனால் இதுவரை பார்த்த ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து கண் பழகியிருக்கிறது, "ஏதோ சரியில்லை" என்று சொல்லும். ஆளைச் சுற்றி இறுக்கமாக வெட்டுங்கள், அல்லது மங்கலைப் பாதியாகக் குறையுங்கள். நான் போடும் அளவு பெரும்பாலும் 50 மி.மீ. எஃப்/2.8 கணக்குக்குள்தான் நிற்கும்.

நாய்ஸ் விஷயம் சுருக்கமாக. ப்ளர் போட்ட இடத்தில் படத்தின் மணல்மணலான நாய்ஸ் அத்தனையும் துடைத்துக்கொண்டு போய்விடும், முகத்தில் மட்டும் இருக்கும். லென்ஸ் ப்ளரில் கடைசியாக உள்ள நாய்ஸ் ஸ்லைடரை 100 சதவீத ஜூமில் வைத்து, முகத்தின் அளவுக்கு ஒத்துப்போகும்வரை ஏற்றுங்கள், ஒற்றை நிற நாய்ஸா பல நிறமா என்பதையும் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வானம் பட்டை பட்டையாகப் பிரிவதையும் இது காப்பாற்றும். 8 பிட்டில் வேலை செய்யாமல், நிறங்களை இன்னும் நுணுக்கமாகச் சேமிக்கும் 16 பிட்டுக்கு மாற்றிக்கொண்டு ஆரம்பித்தால் இன்னும் நிம்மதி.

கடைசியாக, கைப்பேசியின் போர்ட்ரெய்ட் மோடே போதாதா என்பவர்களுக்கு. 2016-ல் ஐஃபோன் 7 ப்ளஸ் இரண்டு கேமராவை வைத்து ஆரம்பித்தது, 2017-ல் பிக்சல் 2 ஒரே கேமராவில் செய்து காட்டியது, இப்போது எல்லாவற்றிலும் இருக்கிறது. சின்னத் திரையில் பார்க்கும் படத்துக்குத் தாராளமாகப் போதும். நல்ல செய்தி என்னவென்றால், ஐஃபோனில் போர்ட்ரெய்ட் மோடில் எடுத்த ஹெய்க் (HEIC, ஐஃபோனின் படக் கோப்பு வகை) கோப்புக்குள்ளேயே டெப்த் மேப் உட்கார்ந்திருக்கும். அந்தக் கோப்பை ஃபோட்டோஷாப்பில் திறந்தால் அந்த மேப் ஆல்ஃபா சேனலாக வந்துவிடும், தலைகீழா என்று பார்த்து, கைக்கு நடுவிலும் முடி ஓரத்திலும் திருத்தி, நேராக லென்ஸ் ப்ளரில் கொடுக்கலாம், பாதி உழைப்பு மிச்சம். மெசேஜ் ஆப்பில் அனுப்பி வருகிற ஜேபெக்கில் அந்த மேப் இருக்காது, ப்ளர் ஏற்கெனவே படத்தோடு வெந்து போயிருக்கும். யாராவது "இதைக் கொஞ்சம் சரி பண்ணித் தர முடியுமா" என்று படம் அனுப்பினால், கேபிளில் இழுத்தோ க்ளவுட் லிங்க்காகவோ மூலக் கோப்பையே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.